எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்: தமிழகத் தொழிற்சாலை வேலைவாய்ப்புக் கணக்கின் வரலாறு (1881–2020)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வட்டாரத்தின் பொருளாதார நிலையை அறிய அங்குள்ள உற்பத்தித் தொழில்களில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்பதை அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தமிழகத்தைப் பொறுத்தவரை இந்த எண்ணிக்கை முதலில் பொருளாதார ஆய்வுக்காகத் திரட்டப்பட்டதன்று. தொழிற்சாலைச் சட்டங்களை நடைமுறைப்படுத்தியதன் துணைவிளைவாகத் தோன்றியது. எனவே சட்டத்தின் வரையறை மாறியபோதெல்லாம் எண்ணிக்கையும் மாறியது. 1881 முதல் 2020 வரையிலான சட்ட வரையறைகள், குடிக்கணக்கின் தொழில் வகைப்பாடுகள், விடுதலைக்குப் பிந்தைய தொழிற்கணக்கெடுப்புகள், மாவட்ட எல்லை மாற்றங்கள் ஆகியவற்றைக் கோவை நூற்பாலை, பீடி, தீப்பெட்டித் தொழில்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. எண்ணிக்கையில் காணும் ஏற்ற இறக்கங்களுள் வேலைவாய்ப்பின் மாற்றம் எது, வரையறையின் மாற்றம் எது எனப் பிரித்தறியாமல் வட்டார வரலாறு எழுத இயலாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: தொழிற்சாலைச் சட்டம், குடிக்கணக்கு, ஆண்டுத் தொழிற்கணக்கெடுப்பு, வீட்டுவழி உற்பத்தி, பீடித் தொழில், கோயம்புத்தூர், வட்டாரப் பொருளாதாரம்

முன்னுரை

பயிர் விளைச்சல், மழையளவு, நிலவரி வசூல் ஆகியவை வேளாண் வட்டாரங்களின் நிலையைக் காட்டும் குறிகாட்டிகளாக நெடுங்காலம் விளங்கின. இயந்திரத் தொழில் பரவிய பின்னர் ஆலைகளின் எண்ணிக்கையும் அவற்றில் பணிபுரிவோர் தொகையும் அவற்றோடு சேர்ந்தன. உற்பத்தித் தொழிலில் ஒருவர் பெறும் கூலி அவர் வாழும் ஊரின் கடைத்தெரு, வீட்டு வாடகை, போக்குவரத்து எனப் பல துறைகளுக்குப் பரவுகிறது. ஆலை மூடப்படும்போது அதன் தாக்கமும் அவ்வாறே பரவுகிறது. 1870-களின் பிற்பகுதியிலிருந்து வட சென்னையின் வாழ்வோடு பிணைந்திருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டபோது பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதிகளில் நேர்ந்த மாற்றம் இதனை உணர்த்தும். இக்காரணங்களால் உற்பத்தித் தொழில் வேலைவாய்ப்பை வட்டார நலத்தின் குறிகாட்டியாகக் கொள்வது பொருத்தமுடையதே.

ஆயினும் ஒரு குறிகாட்டியைப் பயன்படுத்துவோர் அது எவ்வாறு உருவானது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழக மாவட்டங்களைப் பற்றிய ஆய்வேடுகள் பல, தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கைகளிலும் குடிக்கணக்கு அட்டவணைகளிலும் உள்ள எண்களை ஒரே தொடராக அடுக்கி, அவற்றின் உயர்வை வளர்ச்சி என்றும் தாழ்வைத் தேய்வு என்றும் கொள்கின்றன. அவ்வெண்கள் ஒரே பொருளை அளந்தவை அல்ல என்பதைக் கீழ்வரும் பகுதிகள் காட்டும்.

சட்டம் வகுத்த எல்லை

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் இயற்றப்பட்டது. இயந்திர ஆற்றலைப் பயன்படுத்தி நூறு பேருக்குக் குறையாமல் வேலைக்கு அமர்த்தும் இடங்களே அதன்கண் தொழிற்சாலை எனப்பட்டன. சிறுவர் வேலைநேரத்தை ஒழுங்குபடுத்துவது அதன் முதன்மை நோக்கம். தொழில் வளர்ச்சியை அளப்பது அதன் நோக்கமன்று. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வெல்லையை ஐம்பது பேராகக் குறைத்ததுடன், இருபது பேர் பணிபுரியும் இடங்களுக்கும் அதனை விரிவுபடுத்தும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. ஆண்டில் நான்கு மாதங்களுக்கும் குறைவாக இயங்கிய பருவகால ஆலைகள் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளடக்கப்பட்டன. 1922-இல் எல்லை இருபது பேராயிற்று. பத்துப் பேர் வரை அதனை இறக்கும் அதிகாரமும் மாகாணங்களுக்குக் கிடைத்தது. அரச தொழிலாளர் ஆணையத்தின் (1929–31) பரிந்துரைகளைத் தழுவிய 1934-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளையும் பருவகால ஆலைகளையும் தனித்தனி வகையாகப் பிரித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றல் பயன்படுத்தும் இடங்களுக்குப் பத்துப் பேர், பயன்படுத்தாத இடங்களுக்கு இருபது பேர் என எல்லையை வகுத்தது.

ஒவ்வொரு திருத்தத்தின்போதும் முன்பே இயங்கிவந்த பட்டறைகளும் அரவை ஆலைகளும் புதிதாகக் கணக்கில் நுழைந்தன. 1922-க்குப் பின் ஒரு மாவட்டத்தின் தொழிற்சாலை எண்ணிக்கை உயர்ந்தால், அவ்வுயர்வின் ஒரு பகுதி புதிய ஆலைகளைக் குறிக்கும். மறுபகுதி பழைய பட்டறைகள் பதிவேட்டில் இடம்பெற்றதை மட்டுமே குறிக்கும். நெல் அரவை, பருத்தி அரவை, நிலக்கடலை உடைப்பு ஆகியவை பரவியிருந்த தமிழக மாவட்டங்களில் இவ்வேறுபாடு சிறிதன்று. பருவகால ஆலையில் சில மாதங்கள் பணிபுரிந்தவர் எஞ்சிய மாதங்களில் உழவுக் கூலியாகவே வாழ்ந்தார். அவரைத் தொழிற்சாலைத் தொழிலாளர் என எண்ணுவதும் உழவுத் தொழிலாளர் என எண்ணுவதும் ஒருபுடை உண்மையே.

எண்ணும் முறையும் கருதத்தக்கது. ஆலை உரிமையாளர் ஆண்டுதோறும் ஆய்வாளர் அலுவலகத்திற்கு அனுப்பும் படிவத்திலிருந்தே சராசரி நாள் வேலைவாய்ப்பு கணக்கிடப்பட்டது. ஆண்டின் மொத்த வருகை நாள்களை ஆலை இயங்கிய நாள்களால் வகுத்துப் பெறும் ஈவு அது. ஆலையில் எத்தனை தனி ஆள்கள் வேலை பெற்றனர் என்பதை அது கூறாது. பதிலியாட்கள் மிகுந்திருந்த நூற்பாலைகளில், ஓர் இடத்தைப் பலர் மாறி மாறி நிரப்பினும் கணக்கில் ஒருவராகவே தோன்றுவர். படிவம் அனுப்பாத ஆலைகள் மற்றொரு குறையை உண்டாக்கின.

குடிக்கணக்கின் தொழில் வகைப்பாடு

தொழிற்சாலை அறிக்கைகள் காட்டாத கைத்தொழிலாளரைக் குடிக்கணக்கில் காணலாம் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் அங்கும் வரையறைச் சிக்கல் தொடர்கிறது. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருபது பேருக்குக் குறையாத தொழிலகங்கள் தனிப் படிவத்தில் எண்ணப்பட்டன. 1921-இல் அந்த எல்லை பத்துப் பேராக்கப்பட்டது. 1931-இல் செலவுக் குறைப்பினால் அத்தனிக் கணக்கெடுப்பே கைவிடப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் மூன்று நிலைகள் இவ்வாறு அமைந்தன.

மக்கள் கூறிய தொழிலை வகைப்படுத்துவதிலும் குழப்பம் இருந்தது. நெய்தவரே துணியை விற்றார். குயவரே பானையைச் சந்தைக்குக் கொண்டு சென்றார். அவர் உற்பத்தியாளரா வணிகரா என்பதைக் கணக்கெடுப்பு அலுவலர் பத்தாண்டுக்கு ஒரு முறை வெவ்வேறாக முடிவுசெய்தனர். ‘பொதுக்கூலி’ எனப் பதிவானோரைப் பற்றியும் இதே ஐயம் உண்டு. டேனியல் தார்னர், 1962-இல் வெளிவந்த ‘இந்தியாவில் நிலமும் உழைப்பும்’ என்னும் நூலில் இடம்பெற்ற ஆய்வில், இச்சிக்கலை எடுத்துக்காட்டினார். உற்பத்தியையும் வணிகத்தையும் ஒரு தொகுதியாகவும், வேளாண்மையையும் பொதுக்கூலியையும் மற்றொரு தொகுதியாகவும் இணைத்து, ஆண்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்கினால், 1881–1931 காலத்தில் தொழிலிலிருந்து வேளாண்மைக்குப் பெரும் பெயர்ச்சி நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை என்பது அவர் முடிபு. அத்தகைய பெயர்ச்சி 1881-க்கு முன்பே நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை.

அமிய குமார் பாக்சி 1976-இல் வேறொரு வழியில் சென்றார். புக்கானன் ஹாமில்டன் 1809–13-இல் தொகுத்த விவரங்களை 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குடன் ஒப்பிட்டு, கங்கைச் சமவெளிப் பீகாரில் தொழிலைச் சார்ந்திருந்தோர் பங்கு 18.6 விழுக்காட்டிலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது என மதிப்பிட்டார். மரிகா விசியானி அம்மதிப்பீட்டின் அடிப்படை விவரங்களையே வினாவுக்கு உட்படுத்தினார். இவ்விவாதம் பீகாரைப் பற்றியதாயினும் அதன் படிப்பினை தமிழகத்திற்கும் பொருந்தும். இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும் முன் அவை ஒரே வகையான மக்களை ஒரே வினாவால் எண்ணினவா என்று தெளிதல் வேண்டும்.

பெண்களின் எண்ணிக்கையைத் தார்னர் விலக்கியது முறையியல் நோக்கில் ஏற்கத்தக்கது. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. நூற்பு, பீடி சுற்றுதல், பாய் முடைதல், தறிக்கு நூல் சுற்றுதல் போன்றவற்றில் பெண்களின் பங்கு மிகுதி. அவர்களை விலக்கிய தொடர் நம்பகமானதாகலாம், முழுமையானதாகாது. விடுதலைக்குப் பின்னும் இக்குறை நீடித்தது. 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு பருவ வேலைகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் முறையாக உழைத்தவரையும் உழைப்பாளராகக் கொண்டது. 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒருவரின் முதன்மைச் செயல் எது என்று வினவியது. வீட்டுவேலையே முதன்மை எனப் பதிலளிக்கப்பட்ட பெண்கள் பலர் உழைப்பாளர் பட்டியலிலிருந்து நீங்கினர். 1961-க்கும் 1971-க்கும் இடையே பெண் உழைப்பாளர் எண்ணிக்கையில் காணப்படும் பெருஞ்சரிவுக்கு இவ்வினா மாற்றமே பெரிதும் காரணம். 1981-இல் 183 நாள் எல்லையைக் கொண்டு முதன்மை உழைப்பாளர், குறுநிலை உழைப்பாளர் எனப் பிரித்தபோது தொடர் மீண்டும் மாறியது.

கோயம்புத்தூர்: உயர்வின் பொருள்

எண்ணிக்கை உண்மையாகவே உயர்ந்த வட்டாரத்திற்குக் கோயம்புத்தூர் தக்க சான்று. 1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையே அங்குத் தோன்றிய முதல் ஆலை. மதுரை, தூத்துக்குடி, பாபநாசம் ஆகிய இடங்களில் ஹார்வி குழுமத்தின் ஆலைகள் பெருகிய காலத்தில் கோவையின் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் செயற்பட்டு மின்சாரம் கிடைத்ததும் நிலை மாறியது. சில ஆண்டுகளுக்குள் நகரைச் சுற்றிப் பல நூற்பாலைகள் எழுந்தன. இவ்வுயர்வு சட்ட வரையறையால் விளைந்ததன்று. பெரிய ஆலைகள் எந்த எல்லையின்படியும் கணக்கில் அடங்குவன.

ஆனால் இவ்வுயர்வு வட்டார நலத்தைக் காட்டியதா என்பது வேறு வினா. அது உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். பருத்தி, நிலக்கடலை விலைகள் வீழ்ந்தன. ஊரகக் கடன் வலை அறுந்தது. ஊரில் கடனாகவும் வணிகத்திலும் சுழன்ற மூலதனம் நகரத்து ஆலைகளை நாடியது எனக் கிறிஸ்டோபர் பேக்கர் 1984-இல் வெளியிட்ட தமிழக ஊரகப் பொருளாதார ஆய்வில் விளக்கியுள்ளார். பஞ்சு விலை குறைந்ததும் கூலியாட்கள் எளிதில் கிடைத்ததும் ஆலை முதலாளிகளுக்கு வாய்ப்பாயின. ஆகவே ஆலை வேலைவாய்ப்பின் உயர்வும் ஊரக வருவாயின் வீழ்ச்சியும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக அமைந்தன. ஆலை எண்ணிக்கையை மட்டும் கொண்டு 1930-களின் கொங்கு வட்டாரம் செழித்தது என எழுதுவது பாதி உண்மையாகும்.

பீடி, தீப்பெட்டித் தொழில்கள்: சரிவின் பொருள்

கோவைக்கு மறுதலையான சான்றைப் பீடித் தொழில் தருகிறது. இயந்திர ஆற்றலற்ற பட்டறைகளில், சிறுவர் உட்படப் பலர் உழைத்த இத்தொழில் தொழிற்சாலைச் சட்டங்களின் எல்லைக்கு வெளியே நெடுங்காலம் இருந்தது. அரச தொழிலாளர் ஆணையமும், 1944-இல் அமைக்கப்பட்ட ரேகே தலைமையிலான தொழிலாளர் விசாரணைக் குழுவும் இத்தகைய ஒழுங்குபடுத்தப்படாத தொழில்களின் நிலையை வெளிப்படுத்தின. சென்னை மாகாணம் 1947-இல் ஆற்றலில்லாத் தொழிற்சாலைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பீடித் தொழிலகங்களுக்கென 1958-இல் மற்றொரு சட்டமும் வந்தது.

சட்டம் பட்டறையை அணுகியதும் பட்டறை கலைந்தது. உரிமையாளர் பலர் இலையையும் தூளையும் இடைத்தரகர் வழியாக வீடுகளுக்கு அனுப்பிச் சுற்றிய பீடியைப் பெற்றுக்கொள்ளும் முறைக்கு மாறினர். பெரிய பட்டறைகள் சட்ட எல்லைக்குட்பட்ட சிறு கூறுகளாகவும் பிரிக்கப்பட்டன. 1958-இல் உச்சநீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துச் சிந்தாமன்ராவ் வழக்கில், ‘சட்டேதார்’ எனப்பட்ட இடைத்தரகரும் அவர்தம் ஆட்களும் தொழிற்சாலைச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆகார் எனத் தீர்ப்பளித்தது. வீட்டில் சுற்றுவோரையும் பணியாளராகக் கொண்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டு, 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்சநீதிமன்றத்தால் நிலைநிறுத்தப்பட்ட பின்னரே அவர்களுக்குச் சட்ட அடையாளம் உறுதியானது.

இக்காலத்துத் தொழிற்சாலைப் பட்டியலை மட்டும் நோக்குவோர்க்குப் பீடி வேலைவாய்ப்பு சரிந்ததாகத் தோன்றும். உண்மையில் வேலை குறையவில்லை. பட்டறையிலிருந்து திண்ணைக்கு இடம்பெயர்ந்தது. பட்டறை ஆண்களின் இடத்தில் வேலூர், திருநெல்வேலி வட்டாரங்களின் வீட்டுப் பெண்கள் அமர்ந்தனர். கூலியும் பேரம்பேசும் வலிமையும் குறைந்தன. சரிவு காட்டியது தொழிலின் தேய்வையன்று, தொழிலாளர் பாதுகாப்பின் தேய்வையே.

1920-களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலும் இவ்வகையினதே. இயந்திர ஆலைகளைவிடச் சிறு உற்பத்தியாளர்க்குக் குறைந்த தீர்வை விதிக்கப்பட்டதால் சிறு கூறுகளாகப் பிரிந்திருப்பது ஆதாயமாயிற்று. பெட்டி செய்தலும் சீட்டு ஒட்டுதலும் சுற்றுவட்டார ஊர்களின் வீடுகளுக்குச் சென்றன. வானம் பார்த்த கரிசல் நிலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வேலையே பல குடும்பங்களின் கைப்பிடிப்பாக இருந்தது. ஆயினும் வட்டாரப் பொருளாதாரத்தைத் தாங்கிய இவ்வுழைப்பின் பெரும்பகுதி தொழிற்சாலை வேலைவாய்ப்புக் கணக்கில் இடம்பெறவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகள்

1942-ஆம் ஆண்டுத் தொழிற்புள்ளியியல் சட்டத்தின்கீழ் 1946 முதல் 1958 வரை உற்பத்தித் தொழிற்கணக்கெடுப்பு நடைபெற்றது. வகுக்கப்பட்ட 63 தொழில்களுள் 29 மட்டுமே அதில் அடங்கின. 1953-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத் திரட்டுச் சட்டத்தின் அடிப்படையில் 1959 முதல் ஆண்டுத் தொழிற்கணக்கெடுப்பு தொடங்கியது. ஆற்றலுடன் ஐம்பது பேர், ஆற்றலின்றி நூறு பேர் என்னும் அளவை எட்டிய ஆலைகள் முழுமையாகவும், எஞ்சியவை மாதிரி முறையிலும் ஆராயப்பட்டன. மாதிரியின் அளவு மாநில மதிப்பீட்டுக்குப் போதுமானது. மாவட்ட மதிப்பீட்டுக்கு அதனைப் பயன்படுத்துவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் செயற்பட வேண்டும்.

இக்கணக்கெடுப்பு பதிவுபெற்ற ஆலைகளையே முதன்மையாகத் தழுவுவதால் வெளியே நிற்போர் தொகை பெரிது. 2015–16-இல் இந்திய அளவில் இக்கணக்கெடுப்பில் அடங்கியோர் ஏறத்தாழ 1.4 கோடி. அதே ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு (73-ஆம் சுற்று), பதிவுபெறாத சிறு உற்பத்தித் தொழில்களில் உழைத்தோர் சுமார் 3.6 கோடி என மதிப்பிட்டது. விசைத்தறியும் பின்னலாடை உட்பணிகளும் செறிந்த திருப்பூர், ஈரோடு, நாமக்கல் போன்ற மாவட்டங்களில் ஒரு கணக்கை விடுத்து மற்றொன்றை மட்டும் கொள்வது எத்துணைப் பிழையாகும் என்பது இதனால் விளங்கும்.

உள்ளே எண்ணப்பட்டோரின் தன்மையும் மாறியுள்ளது. ஒப்பந்ததாரர் வழி அமர்த்தப்பட்டோரையும் தொழிலாளர் எனத் தெளிவாக வரையறுத்தது தொழிற்சாலைச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஆலைத் தொழிலாளருள் ஐந்தில் ஒரு பங்கினராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர், அண்மைக் கணக்கெடுப்புகளில் ஐந்தில் இரண்டு பங்கை நெருங்கியுள்ளனர். வேலைவாய்ப்பு எண்ணிக்கை உயர்ந்தாலும் வேலையின் நிலைபேறு அதற்கேற்ப உயர்ந்ததாகக் கொள்ள இயலாது. 2022–23-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆலைகளின் எண்ணிக்கையிலும் பணியாற்றுவோர் தொகையிலும் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. மொத்த மதிப்புக் கூட்டலில் முதலிடம் மகாராட்டிரத்திற்கே. இவ்விரு தரவரிசைகளுள் எது வட்டார வளத்தைக் காட்டுகிறது என்பது, வளம் என்பதை வேலையாகக் காண்கிறோமா மதிப்பாகக் காண்கிறோமா என்பதைப் பொறுத்தது.

எல்லை மாற்றமும் இடமும்

வட்டாரத் தொடர் அமைப்போர் நிலவெல்லையையும் கருத வேண்டும். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மலபாரும் தென் கன்னடமும் நீங்கிக் கன்னியாகுமரி இணைந்தது. எனவே சென்னை மாகாண மொத்தத்தைத் தமிழ்நாட்டு மொத்தத்தோடு நேரே ஒப்பிடல் ஆகாது. சிவகாசி 1910 வரை திருநெல்வேலியிலும், பின்னர் இராமநாதபுரத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கியது. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து 1979-இல் ஈரோடு பிரிந்தது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டையொட்டிக் கோவையின் எண்ணிக்கையில் தோன்றும் வீழ்ச்சி ஆலைகள் மூடப்பட்டதால் விளைந்ததெனக் கருதுவது பிழை.

மேலும், தொழிற்கணக்கெடுப்பு ஆலை இருக்கும் இடத்தில் எண்ணுகிறது. குடிக்கணக்கு தொழிலாளர் வாழும் இடத்தில் எண்ணுகிறது. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து செல்வோர் அண்டை மாவட்டக் குடிகளாக இருப்பர். ஆலை மாவட்டத்தின் எண் உயரும். கூலி செலவாகும் ஊர் வேறாக இருக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, எண்ணிக்கைத் தொடரை 1891, 1911, 1922, 1934, 1948 ஆகிய சட்ட ஆண்டுகளில் முறித்து, ஒவ்வொரு பகுதியையும் தனியே நோக்க வேண்டும். எல்லா வரையறைகளிலும் அடங்கும் பெரிய ஆலைகளை மட்டும் கொண்ட இணைத்தொடர் ஒன்றையும் அமைத்தல் நலம். இரண்டாவது, மாவட்ட மொத்தங்களைவிட வட்ட அளவில் எல்லை சீராக்கிய கணக்கே ஒப்பீட்டுக்கு உரியது. மூன்றாவது, உயர்வையோ சரிவையோ விளக்கும் முன் கூலி, விளைபொருள் விலை, வீட்டுவழி உற்பத்தி ஆகியவற்றின் சான்றுகளையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். கோவையும் பீடித் தொழிலும் இதற்குச் சான்று. நான்காவது, பெண்களின் உழைப்பைக் குடிக்கணக்கால் மட்டும் அளக்க முயலாமல், விசாரணைக் குழு அறிக்கைகள், நீதிமன்ற ஆவணங்கள், நலவாரியப் பதிவுகள் ஆகியவற்றையும் பயன்படுத்த வேண்டும்.

இவ்வரலாறு முற்றுப்பெற்றதன்று. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, தொழிற்சாலையின் எல்லையை ஆற்றலுடன் இருபது பேர், ஆற்றலின்றி நாற்பது பேர் என உயர்த்தியுள்ளது. ஆற்றல் பயன்படுத்தும் தொழிலகங்களைப் பொறுத்தவரை இது 1922-ஆம் ஆண்டின் எல்லைக்குத் திரும்புவதாகும். பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட தொழிலாளரைக் கொண்ட பட்டறைகள் தமிழகத்தில் ஏராளம். தொழிற்கணக்கெடுப்பும் இப்புதிய எல்லையைப் பின்பற்றுமாயின், அப்பட்டறைகள் நாளும் இயங்கிக்கொண்டிருக்கவே தொழிற்சாலை வேலைவாய்ப்பு குறைந்ததாக எண்கள் காட்டும். நூறாண்டுகளுக்கு முன் கணக்கில் நுழைந்தவர்கள் மீண்டும் வெளியேறும் அத்தருணத்தை, வேலையிழப்பு என்றோ தொழில் தேய்வு என்றோ வருங்கால ஆய்வாளர் பிழைபட எழுதாதிருக்க, வரையறையின் வரலாறும் எண்ணிக்கையோடு உடன் பதிவுசெய்யப்படுதல் இன்றியமையாதது.